14 மில்லிமீட்டர் கல், ஏழு மாதங்கள்

என் அண்ணனுக்கு இருந்த சிறுநீரகக் கல்லின் அளவு 28 மில்லிமீட்டர். எனக்கு இருந்தது அதில் சரிபாதி, 14 மில்லிமீட்டர். அவருடைய முதுகில் துளையிட்டுக் கல்லை எடுத்தார்கள். என் உடம்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் அவர் மூன்றாம் நாள் வீடு திரும்பி, அந்த மாதக் கடைசியில் வேலைக்கும் போய்விட்டார். எனக்கு எல்லாம் முடிய ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களில் ஆறு முறை மருத்துவமனை மேசையில் படுத்து எழுந்தேன்.

அவருக்கு நல்ல நேரம், எனக்குக் கெட்ட நேரம் என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு அறிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டபோது, என் சிகிச்சை இப்படித்தான் இழுக்கும் என்பதற்கான அடையாளங்கள் முதல் ஸ்கேனிலேயே இருந்தன என்று தெரிந்தது. அவற்றை எப்படிக் கேட்பது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இனி ஸ்கேன் அறிக்கையோடு குழம்பி உட்காரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஓர் அதிகாலையில் வலது விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி, அடிவயிறு வழியாகத் தொடை இடுக்கு வரை இறங்கியது. உட்கார்ந்தாலும் படுத்தாலும் நடந்தாலும் குறையாத வலி. அவசரப் பிரிவில் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகுதான் கோவையாகப் பேச முடிந்தது. சி.டி. ஸ்கேனில் இரண்டு கற்கள் தெரிந்தன. வலியைக் கொடுத்தது சிறுநீர்க்குழாயின் அடிப்பகுதியில் நின்ற 4 மில்லிமீட்டர் கல். அது எட்டாம் நாள் தானாகவே வெளியேறியது. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு இப்படித் தானாகவே இறங்கிவிடும். பெரிய கல், வலியே தராமல், வலது சிறுநீரகத்தின் ஆகக் கீழே உள்ள கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தது. சிறுநீர் வந்து சேரும் சின்னச் சின்னக் கிண்ணங்கள் சிறுநீரகத்துக்குள் மேலும் நடுவிலும் கீழும் உண்டு. கல் அவற்றில் எதில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மருத்துவர் மூன்று வழிகளைச் சொன்னார். வெளியிலிருந்தே அதிர்வலை செலுத்திக் கல்லை உடைப்பது ஒன்று. சிறுநீர் வரும் பாதை வழியாகவே மெல்லிய கருவியை உள்ளே அனுப்பி லேசரால் உடைப்பது இரண்டாவது. முதுகில் சிறு துளையிட்டு நேரே சிறுநீரகத்துக்குள் போய் எடுப்பது மூன்றாவது. "அதிர்வலை என்றால் கத்தி இல்லை, முழு மயக்கம் தேவையில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம். ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்யவேண்டி வரலாம் அம்மா" என்றார். முதல் வாக்கியம் என் காதில் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. பயந்திருக்கும் மனம் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான், இப்படிப்பட்ட பேச்சுக்குத் தனியாகப் போகாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கூட வருபவர் ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும்.

அதிர்வலை சிகிச்சையில் வலி பொறுத்துக்கொள்ளக்கூடியதாகவே இருந்தது. முதுகுக்கு அடியில் நீர் நிரம்பிய மெத்தை போன்ற ஒன்று அழுத்திக்கொண்டிருக்கும். விரலால் சுண்டுவதுபோல் அடி விழும், ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொடுக்குச் சத்தம். நிமிடத்துக்கு 60 முதல் 90 வரை, மொத்தம் ஏறக்குறைய 3,000 அடிகள். வேகமாக அடித்தால் சீக்கிரம் முடியுமே என்று கேட்டேன். மெதுவாக அடித்தால்தான் கல் நன்றாக உடையும், சிறுநீரகத்துக்கும் காயம் குறைவு என்றார் அங்கிருந்த தொழில்நுட்பர். உங்கள் முறை வரும்போது அவசரப்படுத்தாதீர்கள்.

இந்தச் சிகிச்சையை மனிதருக்கு முதன்முதலில் செய்தது 1980-இல், ஜெர்மனியின் மியூனிக் நகரில். டோர்னியர் என்ற விமான நிறுவனத்தின் அதிர்வலை ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கருவி அது. அந்தக் காலத்தில் நோயாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்துச் செய்தார்கள். முதுகுத் துளை வழியாகக் கல்லை எடுக்கும் முறை 1976-இலேயே ஸ்வீடனில் வந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அதிர்வலை வந்ததும் துளையிடும் முறை வழக்கொழிந்திருக்க வேண்டும் அல்லவா? ஒழியவில்லை. துளையைச் சிறிதாக்கி, கருவிகளை மெலிதாக்கி, அதுவும் கூடவே வளர்ந்துகொண்டு வந்தது. ஒன்றால் ஆகாத வேலை மற்றொன்றுக்கு எப்போதும் இருந்துகொண்டே இருந்தது.

முதல் முறைக்குப் பிறகு இரண்டு நாள் சிறுநீர் சிவந்து போயிற்று. மூன்று வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் கல்லின் ஓரம் சிதைந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டாம் முறை செய்தார்கள். இந்தத் தடவை நன்றாகவே உடைந்தது. ஆனால் உடைந்தவற்றில் பாதி கீழ்க் கிண்ணத்திலேயே தங்கிவிட்டது. மீதி ஒரே நேரத்தில் கிளம்பிச் சிறுநீர்க்குழாயின் அடியில் வரிசையாக அடைத்துக்கொண்டது. இதற்கு மருத்துவர்கள் ஜெர்மன் சொல் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள்: ஸ்டைன்ஸ்ட்ராஸே, அதாவது கல் தெரு. என் எக்ஸ்ரேயில் அது உண்மையிலேயே கல் பாவிய தெருவைப்போல்தான் இருந்தது.

அன்று மாலை வலி. இரவு பத்து மணிக்குக் குளிர் நடுக்கம். காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு விடியும் வரை பார்க்கலாம் என்று நான் படுத்திருந்தேன். அண்ணன்தான் விடவில்லை. அவர் பிடிவாதமாக என்னை அழைத்துக்கொண்டு போனது என் சிறுநீரகத்தைக் காப்பாற்றியது, உயிரையும் காப்பாற்றியிருக்கலாம். கல் அடைத்திருக்கும்போது காய்ச்சலும் நடுக்கமும் வந்தால், தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகுகிறது என்று பொருள். அது சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் பரவக்கூடியது. அந்த நிலையில் கல்லை உடைக்கமாட்டார்கள். முதலில் அடைப்புக்கு அப்பால் சிறுநீர் வடிய ஒரு வழி செய்வார்கள். எனக்கு அன்றிரவே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்தார்கள், இரத்தக்குழாய் வழியாகக் கிருமிக்கொல்லி மருந்து ஏற்றினார்கள். கல்லைத் தொட்டது மூன்று வாரம் கழித்துத்தான். இந்த ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்: கல் இருப்பவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றையும் அந்த மருத்துவமனையில்தான் கற்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்மணிக்குப் பல மாதங்களுக்கு முன்பு கடும் வலி வந்து, தானாக நின்றுவிட்டதாம். கல் போய்விட்டது என்று இருந்துவிட்டார். உண்மையில் கல் அங்கேயே நின்றது. அடைப்பு பழகிவிட்டதும் வலி மட்டும் அடங்கியிருந்தது. ஸ்கேன் எடுத்தபோது அந்தச் சிறுநீரகம் பெரும்பாலும் செயலிழந்திருந்தது. கல்லைக் கண்ணால் பார்க்காதவரை, அல்லது ஸ்கேனில் இல்லை என்று உறுதியாகாதவரை, வலி நின்றதை நம்பாதீர்கள்.

சிறுநீர்க்குழாயில் அடைத்த துண்டுகளை யு.ஆர்.எஸ். முறையில் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை அனுப்பி, லேசரால் உடைத்து வெளியே எடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. மறுநாள் வீடு. சிறுநீர்க்குழாயின் அடிப்பகுதியில் நிற்கும் கல்லுக்கு இது நேர்த்தியான வழி. இதைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறு எதுவும் இல்லை.

ஸ்டென்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஏனென்றால் யாரும் முன்கூட்டி அதைச் சொல்வதில்லை. டி.ஜே. ஸ்டென்ட் என்பது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை போகும் மெல்லிய குழாய். நழுவாமல் இருக்க இரு முனையிலும் சுருண்டிருக்கும். வீங்கிய பாதை அடைத்துக்கொள்ளாமல் காப்பது அதுதான். என்னைக் காப்பாற்றியதும் அதுதான். ஆனால் அது உள்ளே இருந்த நாள்களில் சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு முறையும் வலி விலாவுக்கு ஏறும். கீழே போகவேண்டிய சிறுநீரில் கொஞ்சம் குழாய் வழியாக மேலே எதிர்த்துப் போவதால் வரும் வலி அது. அரை மணிக்கு ஒருமுறை கழிப்பறையைத் தேட வைக்கும். மாடிப்படி ஏறினால் சிறுநீர் சிவக்கும். நான் ஏதோ விபரீதம் என்று அழுதேன். பிறகு கேட்டால், பலருக்கும் இப்படித்தான் இருக்குமாம். சிறுநீர்ப் பாதையின் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை கொடுத்த பிறகு எனக்குப் பாதியாகக் குறைந்தது. அதை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

ஸ்டென்டை எந்தத் தேதியில் எடுக்கவேண்டும் என்பதை எழுதி, வீட்டில் இருவராவது பார்க்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள். பழகிய பிறகு தொந்தரவு குறைந்து, குழாய் இருப்பதையே மறந்துபோகிறவர்கள் உண்டு. மாதக்கணக்கில் விட்டால் அதன்மீதே கல் படிந்து, அதை எடுப்பதே பெரிய அறுவை சிகிச்சையாகிவிடும். உரிய நேரத்தில் எடுப்பது எளிது. மரத்துப்போகும் களிம்பு தடவி, இரண்டு மூன்று நிமிடங்களில் எடுத்துவிடுகிறார்கள். எடுத்த அன்று ஒருமுறை பழைய வலி எட்டிப் பார்க்கலாம். அது தெரிந்திருந்தால் பயம் இருக்காது.

இதற்குப் பிறகும் கீழ்க் கிண்ணத்தில் 8 மில்லிமீட்டர் துண்டு ஒன்று மிச்சம் இருந்தது. அப்போதுதான் இரண்டாவதாக ஒரு மருத்துவரிடம் போனேன். அவர் அறிக்கையைப் படிக்கவில்லை, படத்தையே கணினியில் திறந்து அளந்தார். கல்லின் அடர்த்தி 1,150 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு. ஆயிரத்தைத் தாண்டிய கல்லை அதிர்வலையால் உடைப்பது கடினம். தோலிலிருந்து கல் வரை 11 சென்டிமீட்டர். பத்தைத் தாண்டினால் அலையின் வலிமை கல்லில் சரியாகக் குவிவதில்லை. கீழ்க் கிண்ணத்திலிருந்து வெளியேறும் வழி நீளமாகவும் குறுகலாகவும், செங்குத்தாக மேல்நோக்கித் திரும்புவதாகவும் இருந்தது. உடைந்த துகள் ஈர்ப்பை மீறி மேலேறித்தான் வெளியே வரவேண்டும். "அதிர்வலை கெட்ட சிகிச்சை இல்லை. உங்கள் கல்லுக்கு அது பொருந்தவில்லை" என்றார். ஏழு மாதங்களில் எனக்குச் சொல்லப்பட்டவற்றில் இதைவிடப் பயனுள்ள வார்த்தை வேறு இல்லை.

வளையும் கருவியால் செய்யும் ஆர்.ஐ.ஆர்.எஸ். முறைக்கு அவர் ஏற்பாடு செய்தார். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தக் கருவி சிறுநீரகத்துக்குள் போய், முனையை முழுவதுமாகத் திருப்பி, கீழ்க் கிண்ணத்துக்குள்ளும் எட்டிப் பார்க்கும். கல்லைச் சிறு கூடைபோன்ற கம்பியால் பிடித்து மேல் கிண்ணத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, அங்கே லேசரால் பொடியாக்கினாராம். முழு மயக்கத்தில் செய்ததால் எனக்கு ஒன்றும் தெரியாது. மறுபடியும் இரண்டு வாரம் ஸ்டென்ட். இம்முறை அதைத் தெரிந்தே ஏற்றேன், அதனால் பாதி சுமை இல்லை. மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் 2 மில்லிமீட்டர் துகள் ஒன்றைத் தவிர எதுவும் இல்லை.

முதலிலேயே இதைச் செய்திருக்கலாமே என்று கேட்டேன். முதலில் போன இடத்தில் வளையும் கருவி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கே இருந்தவர் நல்லவர், கவனமாகப் பார்த்தவர். ஆனால் தம் கையில் இருந்தவற்றுள் எது சிறந்தது என்றுதான் அவர் சொன்னார், நானும் அதற்கு வெளியே எதையும் கேட்கவில்லை. "இங்கே இல்லாத சிகிச்சை ஏதாவது என் கல்லுக்குப் பொருந்துமா?" என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். மரியாதைக் குறைவான கேள்வி அல்ல அது. நான் பார்த்தவரை, நல்ல மருத்துவர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். 20 மில்லிமீட்டரைத் தாண்டிய சிறுநீரகக் கல்லுக்குப் பொதுவாக முதலில் சொல்லப்படுவது முதுகுத் துளை முறைதான். பி.சி.என்.எல். என்பார்கள். அவருக்கு இட்ட துளையின் அகலம் 6 மில்லிமீட்டர். பழைய முறையில் இது 10 மில்லிமீட்டர் வரை இருந்ததாம். அறுவைக்கு முந்திய இரவு அவர் தூங்கவில்லை. முதுகில் ஓட்டை என்ற சொல்லே அவரை உலுக்கியிருந்தது. அறுவைக்குப் பிறகு முதுகில் ஒரு குழாய், அதில் இளஞ்சிவப்பாக வடியும் நீர். இரண்டாம் நாள் குழாயை எடுத்ததும் அந்த இடத்தில் ஒரு நாள் சிறுநீர் கசிந்தது. பிறகு தானாக மூடிக்கொண்டது. சில வாரம் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். அடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்தது. "உனக்கு ஒரு தையல்கூட இல்லை, ஆனால் என்னைவிட நீதானே அதிகம் படுகிறாய்" என்று என் இரண்டாவது ஸ்டென்ட் சமயத்தில் அவர் கண்கலங்கியது நினைவிருக்கிறது.

ஆனாலும் துளை முறையை நான் எளிதாகச் சொல்லிவிடமாட்டேன். மூன்றிலும் இரத்தக்கசிவு அபாயம் அதிகம் உள்ளது அதுதான். சிலருக்கு இரத்தம் ஏற்றவேண்டி வரும். அரிதாக, வீடு திரும்பிய ஓரிரு வாரங்களில் கட்டி கட்டியாக இரத்தம் போகத் தொடங்கும். அப்படியானால் உடனே திரும்பி வாருங்கள் என்று அண்ணனிடம் எழுதியே கொடுத்திருந்தார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் இங்கே கவனிக்கவேண்டும். அதிர்வலைக்கும் துளை முறைக்கும் அம்மருந்தை நிறுத்தியாகவேண்டும். நிறுத்தவே முடியாதவர்களுக்குச் சிறுநீர்ப் பாதை வழியாகப் போகும் லேசர் முறைதான் பெரும்பாலும் வழி. கருவுற்றிருப்பவர்களுக்கு அதிர்வலை கூடவே கூடாது.

எந்தச் சிகிச்சை நல்லது என்று என்னிடம் கேட்பவர்களிடம் இப்போது நான் திருப்பிக் கேட்பது இவைதான்: கல் எத்தனை மில்லிமீட்டர், எந்தக் கிண்ணத்தில், எத்தனை ஹவுன்ஸ்ஃபீல்டு, தோலிலிருந்து எவ்வளவு ஆழம். அதன் பிறகு மருத்துவரிடம் கேட்கச் சொல்வது: இந்த முறையில் ஒரே தடவையில் சுத்தமாகும் வாய்ப்பு எனக்கு எவ்வளவு? ஆகாவிட்டால் அடுத்து என்ன? ஸ்டென்ட் எத்தனை நாள்? வெட்டு எவ்வளவு சிறியது என்பதை வைத்து நான் ஒப்பிட்டேன். முதல் நாளிலிருந்து கல் இல்லாத ஸ்கேன் வரை மொத்தம் எத்தனை தடவை, எத்தனை வாரம் என்று ஒப்பிட்டிருக்கவேண்டும். விடுப்பும் செலவும் வலியும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. சிலருக்கு இவற்றில் எதுவுமே தேவைப்படாது. யூரிக் அமிலக் கல்லாக இருந்தால், சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தாலேயே கரைந்துவிடலாம். அதனால் கல்லின் வகையைப் பற்றியும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

வெளியே வந்த துண்டுகளைப் பரிசோதனைக்கு அனுப்ப மறக்காதீர்கள். என்னுடையது கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட், கடினமான வகை. ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் மறுபடி வரும் என்பதால், இப்போது ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கிறேன், உப்பைக் குறைத்திருக்கிறேன். கால்சியம் கல் என்றதும் பாலை நிறுத்தினேன், அது தவறு என்று மருத்துவர் திருத்தினார். உணவில் உள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளுமாம்.

சென்ற ஆண்டு அண்ணனின் மற்றொரு சிறுநீரகத்தில் 7 மில்லிமீட்டர் கல் தெரிந்தது. முந்தைய ஸ்கேனில் 3 மில்லிமீட்டராக இருந்தது, வளர்ந்திருந்தது. "மறுபடியும் துளையே போட்டுவிடச் சொல், ஒரேயடியாக முடியும்" என்றார். நானும் கூடப் போனேன். நடுக் கிண்ணம், 650 அலகு, 8 சென்டிமீட்டர் ஆழம். மருத்துவர் அதிர்வலையைச் சொன்னதும் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் பட்டதையெல்லாம் கூட இருந்து பார்த்தவர் அவர். "இந்தக் கல்லுக்கு அது சரியாக வரும் அண்ணா" என்றேன். ஒரே தடவைதான் செய்தார்கள். நான்காம் நாளிலிருந்து, சிறுநீரை வடிகட்டிய வடிகட்டியில் கல் மணல்போல விழத் தொடங்கியது. அதைக் காகிதத்தில் மடித்து ஆய்வகத்துக்கு அவரே எடுத்துப் போனார்.